மலை ஏற ஏற உயிர்கள் ஏன் மாறுகின்றன? கல்லாறு முதல் தொட்டபெட்டா வரை நீங்களே அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர்தான். அதற்குள் சுமார் 330 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டரைத் தாண்டிவிடுகிறோம். கீழே வேலமரமும் கள்ளியும் இலந்தையும். கல்லாறு வந்ததும் பாக்குத் தோப்பு. பர்லியாறு பக்கம் பலாவும் மூங்கிலும் பெரிய பெரிய காட்டு மரங்களும். குன்னூர் தாண்டினால் தேயிலை. இன்னும் மேலே போனால் புல்வெளி மடிப்புகளுக்குள் குட்டையான, குடை குடையாகக் கவிந்த சோலை மரங்கள். கீழே பார்த்த மரங்களில் ஒன்றுகூட மேலே இல்லை என்று சொல்லிவிடலாம்.

1802-ல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் தென்னமெரிக்காவின் சிம்பராசோ மலையில் ஏறியபோது இதே மாதிரியான மாற்றத்தைத்தான் கண்டார். எந்தச் செடி எந்த உயரத்தில் நிற்கிறது, அங்கே வெப்பம் எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு என்று ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்தார். சுற்றுச்சூழலையும் உயிர்க் கூட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் முறை அங்கிருந்துதான் வேர்பிடித்தது. அந்த வேலையை ஒரு கல்லூரி மாணவரோ, பள்ளி ஆசிரியரோ, இயற்கை ஆர்வலரோ நீலகிரிச் சரிவில் செய்து பார்ப்பதற்கான வழிகாட்டி இது. வேறு மலையில் இருப்பவர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தில் யார் வாழலாம் என்பதை அந்த இடத்தின் சராசரி வானிலை தீர்மானிப்பதைவிட, அங்கே வரும் மிக மோசமான நாட்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. நீளும் வறட்சி, ஓர் இரவு உறைபனி, மார்ச் மாதக் காட்டுத்தீ. இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம் அந்த மோசமான நாட்களைத் தேடித்தான் போகின்றன.

படி 1: ஒரே ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"நீலகிரியின் பல்லுயிர் வளம்" என்று தலைப்பு வைத்தால் ஆயுள் முழுக்க முடிக்க முடியாது. எந்தச் சூழல் காரணி மாறும்போது எந்த உயிர்க்குழு எப்படி மாறுகிறது என்று கேள்வியைச் சுருக்குங்கள். நீலகிரியில் இதற்கு இரண்டு நல்ல பாதைகள் உண்டு.

முதலாவது உயரப் பாதை. கல்லாறு, பர்லியாறு, குன்னூர், ஊட்டி, தொட்டபெட்டா. தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை 6 முதல் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 12 டிகிரி வித்தியாசம் வருகிறது.

இரண்டாவது மழைப் பாதை. என் பார்வையில் இதுதான் அழகானது, ஆனால் பலரும் கவனிப்பதில்லை. கூடலூரும் மசினகுடியும் ஏறக்குறைய ஒரே உயரம், இரண்டுமே 1,000 மீட்டரை ஒட்டித்தான் இருக்கின்றன. தெப்பக்காடு வழியாகச் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். கூடலூர் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. ஆண்டுக்கு 2,000 மி.மீ-க்கு மேல் மழை. மசினகுடி மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. உயரம் மாறாமல் மழை மட்டும் மாறுகிறது. ஈரக்காடு, தேக்கும் மருதும் நிற்கும் இலையுதிர் காடு, முள்காடு என்று மூன்று வகைக் காடுகளை அந்த ஒரே சாலை கடக்கிறது. இன்னும் கிழக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினால் வெளிமான் மேயும் வறண்ட சமவெளி.

உயரப் பாதையில் வெப்பம், மழை, மண் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மாறுவதால் எது காரணம் என்று பிரிப்பது கடினம். புதிதாகத் தொடங்குபவர்கள் மழைப் பாதையை எடுத்தால் விடை தெளிவாக வரும். ஆனால் அங்கே பெரும்பகுதி புலிகள் காப்பகம். அது அடுத்த படி.

படி 2: இடமும் அனுமதியும்

காப்புக்காடு, புலிகள் காப்பகம், முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்கா எதுவாக இருந்தாலும் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அனுமதி கிடைக்கத் தாமதமாகும் என்றால் வேலை நின்றுவிடத் தேவையில்லை. பள்ளி வளாகம், தனியார் தோட்டத்தின் ஓரம், கோயில் காடு, அரசுத் தோட்டக்கலைப் பண்ணை என்று உரிமையாளர் சம்மதத்தோடு போகக்கூடிய இடங்கள் ஒவ்வொரு உயரத்திலும் உண்டு.

ஓர் உயரத்துக்குக் குறைந்தது மூன்று இடங்களையாவது எடுங்கள். ஒரே இடத்தைப் பார்த்து "பர்லியாறில் இப்படி" என்று எழுதினால், அது அந்த ஓடைக்கரையின் கதையா, அந்த உயரத்தின் கதையா என்று தெரியாது.

தனியாகப் போகாதீர்கள். பலாப்பழ சீசனில் பர்லியாறு, கல்லாறு சரிவுக்கு யானைகள் வரும். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருந்தால் பாதுகாப்பும் கிடைக்கும், மரங்களின் பெயரும் கிடைக்கும். இருளரும் குறும்பரும் தோடரும் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் பெயர்களைக் குறிப்பேட்டில் தனிப் பத்தியாக எழுதுங்கள். யார் சொன்னது என்பதையும் அவர்கள் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சராசரியை விடுங்கள், மோசமான நாளை அளவிடுங்கள்

வழக்கமான கல்லூரித் திட்ட அறிக்கைகளில் ஓர் அட்டவணை இருக்கும்: சராசரி வெப்பநிலை, ஆண்டு மழை, ஈரப்பதம். அந்த அட்டவணையால் விளக்க முடிவது கொஞ்சம்தான்.

முதலில் வறட்சி. ஆண்டு மழையைவிட, மழையில்லாத மாதங்கள் எத்தனை என்பதை எண்ணுங்கள். இதற்குப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஹென்றி கோசன் தந்த எளிய விதி இன்றும் உதவுகிறது. ஒரு மாதத்தில் பெய்த மழை (மி.மீ), அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையின் (செல்சியஸ்) இரண்டு மடங்கைவிடக் குறைவாக இருந்தால் அது வறண்ட மாதம். கோவைச் சமவெளியில் 27 டிகிரி என்றால் 54 மி.மீ-க்குக் கீழே போனால் வறட்சி. ஊட்டியில் 14 டிகிரி என்றால் 28 மி.மீ-க்குக் கீழே போனால்தான் வறட்சி. ஒரே அளவு மழை கீழே போதாது, மேலே போதும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. சூடான இடத்தில் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடுவதுதான் காரணம். மாத மழை விவரத்தை இந்திய வானிலை ஆய்வு மையத்தின் பதிவுகளிலிருந்து எடுக்கலாம். தேயிலைத் தோட்டங்கள் பலவும் தங்கள் மழைமானிப் பதிவேட்டைப் பல ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கின்றன. மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

இந்த மாத எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையே சாட்சி. கர்நாடகத்தின் ஆகும்பேயில் 7,000 மி.மீ அளவுக்கு மழை கொட்டுகிறது. தெற்கே திருவிதாங்கூர் மலைகளின் பல இடங்களில் மழை அதைவிட மிகக் குறைவு, ஆனால் இரண்டு பருவமழையும் சேர்ந்து பல மாதங்களுக்குப் பரவிப் பெய்கிறது. மர வகைகள் அதிகம் இருப்பது தெற்கில்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: மழைக்காட்டு மரங்களின் பன்மை, மொத்த மழையைவிட வறண்ட காலத்தின் நீளத்தோடுதான் ஒத்துப்போகிறது. ஒரு நாற்று நான்கு மாத வறட்சியைத் தாங்கிவிடும், ஆறு மாதத்தைத் தாங்காது. ஆறாவது மாதத்தில் அது செத்துவிட்டால் அடுத்த ஜூனில் எவ்வளவு கொட்டினாலும் அதற்கு என்ன பயன்?

அப்புறம் குளிர். இங்கே ஊட்டியின் சராசரி வெப்பநிலையைப் பார்த்து எதுவும் புரியாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது பிறகு உறைபனியாக மாறும். தலைகுந்தாவிலும் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெள்ளையாகிக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் உயரமான மேட்டைவிடத் தாழ்வான திறந்த பள்ளத்தில் உறைபனி கடுமையாக விழும். உயரம் கூடினால் குளிர் கூடும் என்று சொன்ன கணக்கு அந்த இரவுகளில் தலைகீழாகிறது.

குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையை நிறுத்திக் காட்டும் சாதாரண வெப்பமானிகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றை மரக்கூட்டத்துக்குள்ளும், இன்னொன்றை 50 மீட்டர் தள்ளித் திறந்த புல்லிலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நேரடி வெயில் படாமல் கட்டுங்கள். ஆள் உயரத்தில் கட்டாதீர்கள், ஏனென்றால் நாற்று வாழ்வது அந்த ஒரு சாணில்தான். ஒரு ஜனவரி வாரம் காலையில் போய்க் குறித்து வந்தால் போதும். இரவில் இலைக்கூரை தரையின் வெப்பத்தை வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. திறந்த புல்லில் அந்தத் தடுப்பு இல்லை. சோலை மரங்களின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் பெரும்பாலும் மரமாவதில்லை என்பதற்கு இந்த உறைபனி ஒரு வலுவான காரணம். தீ, மேய்ச்சல், மண் ஆழம் ஆகியவையும் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

மூன்றாவது மண். மண்வெட்டியால் அரை மீட்டர் ஆழம் தோண்டி, எந்த ஆழத்தில் பாறை தட்டுகிறது என்று பாருங்கள். நிறம், ஈரம், மட்கு எவ்வளவு தடிமன் என்று எழுதுங்கள். அமிலத்தன்மையை அறிய, நிறம் மாறிக் காட்டும் பி.எச். தாள் போதும். சோலைக்குள் கறுப்பான, மட்கு நிறைந்த, அமிலத்தன்மை கொண்ட மண் வரும். சமவெளியில் சரளையும் சுண்ணாம்பும் கலந்த மண் வரும். இடையில் தேயிலை நன்றாக வருகிற இடமெல்லாம் அமில மண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சரிவின் திசை பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பாடநூல்கள் தெற்குச் சரிவு வறண்டது, வடக்குச் சரிவு ஈரமானது என்று சொல்லும். நீலகிரி 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, சூரியன் வருடத்தில் இரண்டு முறை தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த விதிக்கு இங்கே அவ்வளவு வலு இல்லை. சரிவு எந்தப் பருவக்காற்றைப் பார்த்து நிற்கிறது என்பதைக் குறியுங்கள். மேற்குப் பக்கம் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 800 மி.மீ-க்கு மேல் கொட்டியபோது, மலையின் கிழக்கு அடிவாரத்தில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. குன்னூர்ச் சரிவுக்கு முக்கியம் அக்டோபர், நவம்பரின் வடகிழக்குப் பருவமழை.

படி 4: கட்டம் போட்டு எண்ணுங்கள்

நடந்துபோகும்போது கண்ணில் பட்டதை எழுதினால் பூத்திருப்பதும் பெரியதும் மட்டுமே பட்டியலில் ஏறும். கயிறு கட்டி, கட்டத்துக்குள் இருப்பது எல்லாவற்றையும் எண்ண வேண்டும். மரங்களுக்கு 20 மீட்டருக்கு 20 மீட்டர், புதர்களுக்கு அதன் மூலையில் 5-க்கு 5, புல்லுக்கும் சிறு செடிக்கும் 1-க்கு 1. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை டேப்பால் அளந்து, 30 செ.மீ-க்கு மேல் இருந்தால் மரம் என்று கணக்கில் வையுங்கள்.

பெயர் தெரியாத மரம் வந்தால் நிற்காதீர்கள். "மரம் அ, பால் வடியும், எதிரெதிர் இலை" என்று எழுதிவிட்டு இலை, பட்டை, பூ, காய் நான்கையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். உயிர்களின் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் போட்டால் பல நேரம் யாராவது பெயர் சொல்வார்கள். ஆனால் நாவல் இனத்து மரங்கள், லிட்சியா வகைகள் எல்லாம் படத்தை வைத்து முடிவுசெய்ய முடியாதவை. அவற்றை ஒரு தாவரவியலாளரிடம் காட்டாமல் பட்டியலில் உறுதியாக எழுதாதீர்கள்.

எத்தனை கட்டம் போதும்? ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக எத்தனை வகை சேர்ந்தது என்று வரைபடமாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். கோடு மேலே ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் போதவில்லை. முள்காட்டில் அது சீக்கிரம் படுத்துவிடும். பர்லியாறு உயரத்தில் பொறுமையைச் சோதிக்கும்.

பெரிய அளவில் இதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு முதுமலையே உதாரணம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1988-ல் முதுமலை இலையுதிர் காட்டில் 50 ஹெக்டேரை அளந்து, ஒரு செ.மீ விட்டத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் கட்டினார்கள். அங்கே கிடைத்தது சுமார் 70 வகை மரங்கள். அதே முறையில், அதே 50 ஹெக்டேரில், பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் சுமார் 300 வகைகள். முதுமலை ஏழைக் காடு என்று இதற்கு அர்த்தமில்லை. வறட்சி, தீ, யானை மூன்றையும் தாங்கும் மரம் மட்டும்தான் அங்கே நிற்க முடியும். அந்த 70-ம் வடிகட்டப்பட்டவை.

படி 5: இலையைக் கையில் எடுங்கள்

வகைப் பெயர் தெரியாதவர்களும் செய்யக்கூடிய, ஆனால் பலன் அதிகம் தரும் வேலை இது. ஒவ்வொரு கட்டத்திலும் அதிகம் இருக்கும் ஐந்து மரங்களை எடுத்து, கீழே விழுந்த முழு இலைகள் பத்துப் பத்து சேகரியுங்கள். நீளம், அகலம், தடிமன், நுனி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

மேட்டுப்பாளையம் முள்காட்டில் உங்கள் கையில் வருவது வேலமரத்தின் நகக்கண் அளவுகூட இல்லாத சிற்றிலைகள். வெயிலில் சூடேறாமல், நீரை இழக்காமல் இருக்க அந்த அளவு உதவுகிறது. கள்ளி இலையையே கிட்டத்தட்டக் கைவிட்டு, பச்சைத் தண்டை வைத்தே சமாளிக்கிறது. இலையுதிர் காட்டுக்கு வந்தால் தேக்கு இலை முறம்போல அகலம். வறட்சியோடு அது போராடுவதில்லை. வறட்சி வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு, மழை பெய்யும் மாதங்களில் அவசர அவசரமாக உணவு தயாரிக்கிறது. பர்லியாறு ஈரச் சரிவில் நீண்ட கூர்நுனி கொண்ட இலைகள் வரும். மழைநீர் வழிந்து இறங்க அந்த நுனி உதவுகிறது என்பது பொதுவான விளக்கம். சோலைக்குள் போனால் இலை மறுபடி சிறுத்துவிடும், ஆனால் தடித்து, தோல்போல விறைப்பாக இருக்கும். விரலால் மடித்தால் முறியும். துளிர் சிவந்திருக்கும்.

முள்காட்டிலும் சிறிய இலை, சோலையிலும் சிறிய இலை, காரணம் வேறு. ஒன்று வெப்பத்துக்கும் வறட்சிக்கும், மற்றொன்று குளிருக்கும் காற்றுக்கும். தடிமனை அளந்திருந்தால் மட்டுமே இந்த வித்தியாசம் பிடிபடும். அளவு மட்டும் எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள்.

படி 6: சின்னான்களைப் பின்தொடருங்கள்

விலங்குகளில் எல்லாவற்றையும் எண்ண நினைக்காதீர்கள், ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள். நீலகிரிக்கு என் தேர்வு கொண்டைக்குருவி என்று நாம் சொல்லும் சின்னான்கள். கண்ணில் படும், குரல் கொடுக்கும், அடையாளம் காண்பது எளிது.

அடிவார முட்புதரில் வெண்புருவச் சின்னான் ஒளிந்துகொண்டு கத்தும். ஊர் ஓரத்திலும் வயலிலும் செங்குதச் சின்னான். அடிவாரத்திலிருந்து ஊட்டித் தோட்டங்கள் வரை செம்மீசைச் சின்னான் விடாமல் கூட வரும். நடு உயரத்தின் ஈரக்காட்டுக்குள் நுழைந்தால் மஞ்சள்புருவச் சின்னான். மேலே, காட்டு மர உச்சிகளில் கூட்டமாகக் கருஞ்சின்னான். ஒரே குடும்பம், பழமும் பூச்சியும் தின்னும் ஒரே பிழைப்பு. ஆனால் ஆளுக்கொரு எல்லை, அந்த எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் விலகியும் இருக்கின்றன.

காலை 6.30 முதல் 8.30 வரை, ஓர் இடத்தில் 15 நிமிடம் அசையாமல் நின்று கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். எல்லா இடத்திலும் அதே நேரம், அதே நிமிடங்கள். பறவைப் பட்டியல்களுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியலை ஏற்றிவிட்டால் உங்கள் குறிப்பு தொலையாது.

இதை முடித்ததும் தெரியவரும் விஷயம் சூழலியலில் ஒரு பெரிய விவாதமாக இருந்தது. உயிர்க் கூட்டங்கள் மொத்தமாகச் சேர்ந்து ஒரு கோட்டில் மாறுகின்றனவா, ஒவ்வொரு வகையும் தன் போக்கில் வந்து தன் போக்கில் மறைகிறதா? அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் மரங்களை உயரவாரியாக எண்ணி, ராபர்ட் விட்டேக்கர் 1956-ல் வெளியிட்ட ஆய்வு இரண்டாவது பக்கம் நின்றது. உங்கள் சின்னான் பட்டியலும் பெரும்பாலும் அதையே சொல்லும். உறைபனியோ தீயோ கூர்மையான எல்லை போடுகிற இடம் மட்டும் விதிவிலக்கு. சோலையிலிருந்து இரண்டு எட்டு வெளியே வைத்தால் புல்வெளி, அங்கே கூட்டம் மொத்தமாக மாறுகிறது.

நேரம் இருந்தால் மழைக்கால இரவில் தவளைக் குரலையும் சேருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வருகிறது. குளம் குட்டை அவற்றுக்குத் தேவையில்லை. ஆனால் முட்டை காயாமல் இருக்கக் காற்றிலும் சருகிலும் ஈரம் வேண்டும். ஈரப்பதத்தை அவற்றைவிடத் துல்லியமாகக் காட்டும் உயிர் எனக்குத் தெரியவில்லை.

படி 7: இரண்டே இரண்டு கணக்கு

முதல் கணக்கு, இரண்டு இடங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது. ஆல்ப்ஸ் பகுதித் தாவரங்களை ஒப்பிட பால் ஜக்கார் 1901-ல் பயன்படுத்திய விகிதம் இதற்குப் போதும்: இரண்டிலும் பொதுவான வகைகளை, இரண்டையும் சேர்த்த மொத்த வகைகளால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்குக் கீழே 18 வகை, மேலே 15 வகை, பொதுவானவை 3 என்றால், மொத்தம் 30, விடை 0.1. ஒன்றுக்கு நெருங்கினால் ஒரே கூட்டம், பூஜ்யத்துக்கு நெருங்கினால் வேறு வேறு கூட்டம். அடுத்தடுத்த உயரங்களுக்கு இதைப் போட்டு, எந்த இடத்தில் திடீரென்று விழுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் ஏதோ ஒரு கடுமை தொடங்குகிறது. படி 3-ன் குறிப்புகளை அங்கே திரும்ப எடுங்கள்.

இரண்டாவது, ஒரு கூட்டத்துக்குள் பங்கீடு எப்படி என்பது. இரண்டு கட்டங்கள், இரண்டிலும் 5 வகை, 100 மரம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் வகைக்கு 20. மற்றொன்றில் ஒரே வகை 96, மற்ற நான்கும் ஒவ்வொன்று. வகை எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது காடு உண்மையில் ஒரே மரத்தின் காடு. ஒவ்வொரு வகையின் பங்கையும் (0.20, 0.96 என்று) தன்னால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 1-ஐ அதனால் வகுத்தால் முதலாவதுக்கு 5 வரும், இரண்டாவதுக்கு 1.08 வரும். எத்தனை வகை "உண்மையில்" இருக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீகை (வாட்டில்) மரம் புகுந்த கட்டங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வயிறு எரியும்.

நடு உயரம் ஏன் இவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பதற்கும் இப்போது பதில் கிடைக்கும். பர்லியாறு உயரத்தில் உறைபனி இல்லை, நீண்ட வறட்சியும் இல்லை. கீழிருந்து ஏறும் வகைகளும் மேலிருந்து இறங்கும் வகைகளும் அங்கே சந்திக்கின்றன. மங்குஸ்தான், துரியன் போன்ற தென்கிழக்காசிய மழைக்காட்டுப் பழமரங்கள் கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகளில் காய்ப்பதும் அதே காரணத்தால்தான்.

படி 8: வானிலையால் விளக்க முடியாததைத் தேடுங்கள்

பெரும்பாலான அறிக்கைகள் படி 7-லேயே முடிந்துவிடும். உயரம், மழை, வகை எண்ணிக்கை என்று ஒரு வரைபடம் போட்டு, காரணம் கண்டுவிட்டோம் என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கோட்டில் பொருந்தாமல் விலகி நிற்கும் புள்ளிகளைத்தான் இப்போது எடுக்க வேண்டும்.

வரலாறு ஒரு காரணம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலை, தெற்கே பழனி, ஆனைமலைச் சோலை. உயரம் ஒன்று, குளிர் ஒன்று, மரங்களும் பெருமளவு ஒன்று. ஆனால் இங்கே நீலகிரிச் சிரிப்பான், அங்கே பழனிச் சிரிப்பான். சூடான, வறண்ட கணவாயைக் குளிர்ச் சோலைப் பறவை தாண்ட முடியாமல் இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறிவிட்டது. எந்த வெப்பமானியாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதே நேரம் வரையாடு கணவாய்க்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஓர் உயிருக்கு எல்லையாக இருப்பது மற்றோர் உயிருக்கும் எல்லையாக இருக்கும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னொன்று தீயும் யானையும். முதுமலையில் தடித்த பட்டை உள்ள மரங்கள் தீயைத் தாண்டிவிடும், மெல்லிய தண்டுகள் கருகும். யானைகள் கைடியா என்ற நார்மரத்தை விரும்பி ஒடித்ததில், 50 ஹெக்டேர் ஆய்வின் முதல் ஆண்டுகளிலேயே அதன் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. மழை மாறவில்லை, கூட்டம் மாறியது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கருகிய பட்டை, ஒடிந்த கிளை, சாணம், வெட்டுத் தடம் எல்லாவற்றையும் குறிக்க ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கடைசியாக மனிதக் கை. நீலகிரியில் இது எல்லாவற்றையும்விடப் பெரிது. 19-ஆம் நூற்றாண்டில் வந்த சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து நடப்பட்டன. மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்பு மண்ணிலுள்ள கார்பனை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தை உடைத்தது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் புல் பரந்திருந்தது. காலநிலை மாற மாறப் புல்லும் சோலையும் மாறி மாறிப் பரவியிருக்கின்றன. காடு அழிந்து வந்த தரிசு அல்ல அது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும், வரையாடும், நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவையும் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. அதை மரம் நட்டு மூடியது எனக்கு ஆறாத வருத்தம். பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், 40 ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் பாதிக்கும் மேல் போய்விட்டதைக் கண்டார்கள்.

அதற்காகச் சீகையை ஒரே மூச்சில் வெட்டிவிடலாம் என்றும் இல்லை. அதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் கூட்டமாக முளைக்கும். சில இடங்களில் பழைய சீகை நிழலுக்கு அடியில் சோலை நாற்றுகள் எழுந்து வருவதையும் பார்க்கலாம், உறைபனிக்கு அந்த நிழல் கூரையாகிவிட்டது. எந்தக் கட்டத்தில் நாற்று எத்தனை, எந்த வகை என்று நீங்கள் எண்ணி வைத்தால், மீட்டெடுக்கும் வேலை செய்பவர்களுக்கு அது நேரடியாக உதவும். கீழ்ச் சரிவில் உண்ணிச்செடிக்கும் இதையே செய்யுங்கள்: கட்டத்தில் அது மூடியிருக்கும் பரப்பு எத்தனை சதவீதம், அதன் அடியில் வேறு என்ன முளைத்திருக்கிறது.

படி 9: திரும்பப் போங்கள்

ஒரே பருவத்தில் எடுத்த பட்டியல் பாதிப் பட்டியல்தான். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறை, ஜூலை, ஆகஸ்ட்டில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பரில் ஒரு முறை போங்கள். மரக்கட்டங்களை வருடத்துக்கு ஒரு தடவை எண்ணினால் போதும். புல், செடி, பறவை மூன்றையும் ஒவ்வொரு பருவத்திலும் எண்ண வேண்டும். கட்டத்தின் நான்கு மூலைகளின் ஜி.பி.எஸ். எண்ணை எழுதுங்கள், அத்தோடு நின்றுவிடாமல் பக்கத்துப் பாறை, மைல் கல் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தையும் சேருங்கள். மலைப் பள்ளத்தில் ஜி.பி.எஸ். பல மீட்டர் தள்ளிக் காட்டும். ஒவ்வொரு மூலையிலிருந்தும் நடுவைப் பார்த்து ஒரு படம் எடுத்து, கோப்பின் பெயரிலேயே இடம், தேதி, மூலை மூன்றையும் போடுங்கள்.

குறிப்பேட்டில் "இல்லை" என்பதையும் எழுதுங்கள். ஊட்டியில் இன்று வெண்புருவச் சின்னான் இல்லை என்று நீங்கள் தேதியோடு எழுதி வைத்தால்தான், 20 ஆண்டு கழித்து அது அங்கே கூவும்போது, எப்போது ஏறி வந்தது என்று இன்னொருவரால் சொல்ல முடியும். குறிப்பேட்டின் ஒரு நகலை ஊர்ப் பள்ளியிலோ கல்லூரித் தாவரவியல் துறையிலோ கொடுத்து வையுங்கள். கட்டத்துக்குப் போகும் வழியையும், அளந்த முறையையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.